மெமரி லீக்தானே, ரீபூட் செய்தால் சரியாகிவிடாதா? கோப்புப் பகிர்வுச் சர்வர்கள் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, 4 ஆகஸ்ட் 2025, மாலை 6.10

"எங்கள் ஆபீசில் உபுண்டு 22.04 போட்ட ஒரு பெட்டிதான் ஃபைல் சர்வர். வேகமாக இருக்கிறது என்று, கோப்பு பகிரும் சாம்பா மென்பொருளுக்குப் பதில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும் கேஎஸ்எம்பிடி வைத்திருக்கிறோம். அதில் சிவிஇ-2022-47941 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பொது எண்) என்று ஒரு பழைய குறை இருந்ததாக இப்போதுதான் படித்தேன். வெறும் மெமரி லீக், எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் விடுவது. நாங்கள் ஞாயிறுதோறும் ரீபூட் செய்கிறோம், அது போதாதா? இதையெல்லாம் பாதுகாப்புக் குறை என்று பட்டியலில் சேர்ப்பது கொஞ்சம் அதிகப்படி என்பது என் கருத்து."

4 ஆகஸ்ட், இரவு 9.45

அதிகப்படி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கோப்பு பகிரும் நெறிமுறையான எஸ்எம்பியில் ஒரு கணினி சர்வரிடம் பேச ஆரம்பிக்கும்போது அனுப்பும் முதல் செய்தி நெகோஷியேட். "எனக்கு இந்தந்தப் பதிப்புகள் தெரியும், இந்தந்தக் குறியாக்க முறைகள் தெரியும்" என்று அது சொல்லும். பயனர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் அதற்கு அடுத்த கட்டம். 3.1.1 பதிப்பில், இந்த ஆரம்பப் பேச்சை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்ய சர்வர் ஒரு ஹேஷ் (செய்தியின் கைரேகை போன்ற எண்) வைத்துக்கொள்ளும். எஸ்எச்ஏ-512, அதாவது 64 பைட். அதை வைக்க கெர்னல் ஒரு சிறு துண்டு மெமரி எடுக்கிறது. வந்த விவரங்களில் கோளாறு இருந்தால் பிழைச் செய்தியைத் தயார் செய்துவிட்டு அந்த வழியாக வெளியேறுகிறது. எடுத்த துண்டை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. திருத்தத்தைப் பார்த்தால் இரண்டு இடங்களில் மெமரியைத் திருப்பித் தரும் கே-ஃப்ரீ அழைப்பும், அந்தச் சுட்டியை வெறுமையாக்கும் ஒரு வரியும்தான்.

ஆகவே கோளாறான நெகோஷியேட்டை அனுப்புகிறவருக்கு உங்கள் சர்வரில் கணக்கு தேவையில்லை. எஸ்எம்பிக்கான 445-ஆம் போர்ட் அவருக்கு எட்டினால் போதும். விருந்தினர் வைஃபையில் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம், வைரஸ் புகுந்த ஒரு லேப்டாப்பாக இருக்கலாம்.

தானாகக் கசியும் மெமரிக்கு ஒரு வேகம் உண்டு. நாலு வாரம் பார்த்தால் அது பிடிபட்டுவிடும், அதற்கு ஏற்ப ரீபூட் கிழமையை வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து ஒருவர் கசிய வைக்க முடிகிற மெமரிக்கு வேகத்தை அவர்தான் தீர்மானிப்பார். பட்டியலில் ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்கு இதுதான் பதில்.

4 ஆகஸ்ட், இரவு 11.05

கணக்குப் போட்டுப் பார்த்தேன், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்தத் துண்டு 66 பைட்: ஹேஷுக்கு 64, எந்த ஹேஷ் என்று குறிக்க 2. கெர்னல் 66 பைட்டாக அளந்து கொடுக்காது, முன்பே வெட்டி வைத்த அளவுகளில்தான் கொடுக்கும். இன்டெல், ஏஎம்டி பெட்டிகளில் 66-க்கு அடுத்த அளவு 96. ஒரு ஜிபி தீர ஏறத்தாழ 1 கோடியே 12 லட்சம் கோளாறான செய்திகள் வேண்டும். கேட்கப் பெரிய எண்தான். நொடிக்கு 5,000 அனுப்ப முடிந்தால் 37 நிமிடம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை அதற்கு ரொம்ப தூரம்.

ரவுட்டர்கள் கதை இன்னும் மோசம். ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டியில் கேஎஸ்எம்பிடி ஒரு தொகுப்பாகவே கிடைக்கிறது. யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகி வீட்டுக்குள் பகிர நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள், ஏனென்றால் சாம்பா அந்தச் சின்னப் பெட்டிகளுக்குக் கனம். 64-பிட் ஆர்ம் சில்லுகளில் அப்போதைய கெர்னல் இதே துண்டுக்கு 128 பைட் ஒதுக்கும். பெட்டியில் மொத்தமே 256 எம்பி என்றால் சுமார் 21 லட்சம் செய்திகள் போதும். நொடிக்கு 1,000 என்றாலும் 35 நிமிடம். அதிலும் பாதிக்கு மேல் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் சீக்கிரம்.

5 ஆகஸ்ட், காலை 7.30

"மெமரி தீர்ந்தால் லினக்ஸே ஏதாவது ஒரு ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) கொன்று இடம் எடுத்துக்கொள்ளுமே, சர்வர் எப்படி விழும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதை நான் கண்ணால் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேஎஸ்எம்பிடி வருவதற்கு ரொம்ப முன்னால் நடந்தது. ஓர் அலுவலகத்தில் ஒரே பெட்டியில் ஃபைல் சர்வரும் கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸும் ஓடின. மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி டேட்டாபேஸ் செத்துப்போகும். லாகில் "அவுட் ஆஃப் மெமரி" என்று ஒரு வரி, அதன் கீழே டேட்டாபேஸின் பெயர். கணக்கு மென்பொருள் விற்றவர்தான் குற்றவாளி என்று அலுவலகத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு ரேம் பத்தாது என்றார். ரேம் போட்டார்கள். சாவு மதியத்திலிருந்து சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான் மாற்றம்.

டாப் கட்டளையில் எல்லா ப்ராசஸ்களின் மெமரியையும் கூட்டினால் மூணு ஜிபியைத் தாண்டவில்லை. ஃப்ரீ கட்டளையோ 14 ஜிபி பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டியது. நடுவில் இருந்த 11 ஜிபிக்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்தால் "எஸ்-அன்ரீக்ளெய்ம்" என்ற வரியில் அது உட்கார்ந்திருந்தது. கெர்னல் தனக்காக எடுத்துக்கொண்டு, திருப்பித் தர முடியாது என்று தானே சொல்கிற மெமரி அது. கடைசியில் நெட்வொர்க் கார்டின் டிரைவரில்தான் கசிவு என்று தெரிந்தது. டிரைவரை மாற்றியதும் டேட்டாபேஸ் பிழைத்தது. விற்றவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இதில் பார்க்க வேண்டியது, மெமரி தீரும்போது கெர்னல் கொல்வது ப்ராசஸ்களைத்தான். அதிலும் பெரியதாக இருப்பது முதலில் மாட்டும். கசிவு கெர்னலுக்குள் இருந்தால் எத்தனை ப்ராசஸைக் கொன்றாலும் கசிந்தது திரும்பாது. டேட்டாபேஸ் போகும், அடுத்து வெப் சர்வர் போகும், பிறகு நீங்கள் உள்ளே நுழைந்து பார்க்க வைத்திருக்கும் எஸ்எஸ்எச்சும் போகலாம். லாகில் செத்தவர்கள் பெயர்தான் இருக்கும், கசியவிட்டவர் பெயர் இருக்காது. ஒரு தாக்குதல் நடந்தது என்றுகூட யாருக்கும் தோன்றாது.

5 ஆகஸ்ட், மதியம் 1.20

"சாம்பாவில் லீக்கே வந்ததில்லையா, கேஎஸ்எம்பிடியை மட்டும் ஏன் அடிக்கிறீர்கள்?"

வந்திருக்கிறது, இனியும் வரும். நான் பேசுவது கசிவு எங்கே நடக்கிறது என்பதைப் பற்றி. சாம்பா கெர்னலுக்கு வெளியே ஓடுவது. ஒவ்வொரு இணைப்புக்கும் எஸ்எம்பிடி என்று தனி ப்ராசஸ் பிறக்கும். அதற்குள் கசிந்த மெமரி அந்த இணைப்பு முடிந்து ப்ராசஸ் சாகும்போது மொத்தமாகத் திரும்பிவிடும். டாப்பில் பெயரோடு தெரியும், தேவைப்பட்டால் அந்த ஒன்றை மட்டும் கொல்லலாம். கேஎஸ்எம்பிடியில் இந்த வசதி இல்லை. வேகத்துக்காகக் கெர்னலுக்குள் போனார்கள், அதற்கான விலை இது.

எந்த லீக் செய்தி வந்தாலும் நான் இரண்டு விஷயம்தான் முதலில் பார்ப்பேன். லாகினுக்கு முன்னாலா, பின்னாலா? கெர்னலிலா, ப்ராசஸிலா? லாகினுக்கு முன்னால், கெர்னலில் என்று பதில் வந்தால் அன்றைக்கே பேட்ச். மற்றதை எல்லாம் மாதாந்திர வேலையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

5 ஆகஸ்ட், மாலை 5.50

2022 விவகாரத்தின் பின்னணி தெரியாதவர்களுக்கு. கேஎஸ்எம்பிடி லினக்ஸ் 5.15-இல் சேர்ந்தது, 2021 அக்டோபர் 31. அடுத்த ஆண்டே தாலெஸ் நிறுவனத்தின் தாலியம் குழு இதில் ஒரு கொத்துக் குறைகளைக் கண்டுபிடித்தது. 2022 ஆகஸ்ட்டில் 5.15.61, 5.19.2 பதிப்புகளில் திருத்தம் வந்துவிட்டது. பொதுவில் அறிவித்தது டிசம்பர் 22. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சற்று முன்னால், பத்துக்குப் பத்து ஆபத்து மதிப்பெண்ணோடு ஒரு லினக்ஸ் குறை வந்தால் எப்படி இருக்கும்? செய்திகள் எல்லாம் அந்தக் குறையான சிவிஇ-2022-47939 பின்னாலேயே போயின. விடுவித்த மெமரியைத் திரும்பத் தொடும் வகை அது, லாகின் இல்லாமலே கெர்னலில் நிரல் ஓட்ட வழி தரக்கூடியது. அதே கொத்தில் இருந்த 47941-ஐ யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பெரியதைப் பார்த்து எல்லோரும் அப்டேட் செய்ததில் சிறியதும் சேர்ந்து சரியானது. அது நல்லதுதான். ஆனால் தனியாக வந்திருந்தால் பாதிப் பேர் விட்டிருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ரெட்ஹேட் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம், அவர்களுடைய கெர்னலில் கேஎஸ்எம்பிடியே கிடையாது.

6 ஆகஸ்ட், காலை 8.15

"விண்டோஸ் சர்வர் என்றால் இந்தத் தலைவலி இல்லை" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, எஸ்எம்பிலோரிஸ் கேள்விப்பட்டதில்லையா?

2017 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் ஷான் தில்லன், ஸாக் ஹார்டிங் என்ற இருவர் காட்டியது. ரிஸ்க்சென்ஸ் நிறுவனத்தில் விண்டோஸின் எஸ்எம்பி குறை வழியாக நுழையும் எடர்னல்புளூ தாக்குதல் நிரலைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்டதாம். எஸ்எம்பி செய்திக்கு முன்னால் நெட்பயாஸ் காலத்து 4 பைட் தலைப்பு ஒன்று உண்டு. "அடுத்து இத்தனை பைட் வரப்போகிறது" என்று சொல்வதுதான் அதன் வேலை. நீளத்துக்கு 17 பிட், அதாவது அதிகபட்சம் 128 கேபி. விண்டோஸ் அந்த 4 பைட்டைப் படித்ததும் வரப்போகிற செய்திக்காக 128 கேபியை ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். செய்தி வராது. அடுத்த இணைப்பு, இன்னொரு 128 கேபி. கல்யாணப் பந்தியில் ஒருவர் வந்து "பின்னாலேயே எங்கள் ஆட்கள் வருகிறார்கள்" என்று ஒரு வரிசை முழுக்க இலை போடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதைப் போல.

ஒரு ஐபி முகவரிக்கு 65,535 போர்ட். பெருக்கிப் பாருங்கள், 8 ஜிபி. அனுப்பிய தலைப்புகளின் மொத்த அளவு 256 கேபிகூட முழுதாக இல்லை. டிசிபிக்கு ஆகும் செலவைச் சேர்த்தாலும் சில பத்து எம்பிதான்.

ஒதுக்குவது நான்-பேஜ்டு பூல் எனும் பகுதியில். அதை டிஸ்க்குக்குத் தள்ளி இடம் பண்ண முடியாது, ரேமிலேயே கிடக்கும். அது தீர்ந்ததும் பெட்டி அப்படியே உறைந்து நிற்கும். ஒரு ராஸ்பெர்ரி பையும் இருபது வரி பைத்தானும் போதும் என்று அப்போதே சொன்னார்கள். விண்டோஸ் 2000 முதல் எல்லாப் பதிப்பிலும் இருந்தது.

6 ஆகஸ்ட், காலை 8.40

ஒன்று விட்டுப்போனது. மைக்ரோசாஃப்ட் இதற்குத் தனியாகப் பாதுகாப்பு அப்டேட் தரப்போவதில்லை என்று சொன்னது. பாதுகாப்பு ரீதியாகப் பெரிய பாதிப்பு இல்லை, கவலைப்படுகிற நிறுவனங்கள் இணையத்திலிருந்து எஸ்எம்பி முதல் பதிப்புக்கு வரும் வழியை அடைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் தரப்பு.

அந்த முடிவு தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 445-ஐ இணையத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஃபைல் சர்வர் வேலை செய்வதே உள்ளே இருப்பவர்களுக்காக. உள் நெட்வொர்க்கில் அந்தப் போர்ட்டை மூடினால் சர்வரே தேவையில்லை. ஒரு கல்லூரியின் லேப், ஒரு மருத்துவமனையின் ரிசப்ஷன், ஒரு பத்திரிகை அலுவலகம் என்று எல்லா இடத்திலும் உள்ளே யாராவது ஒரு லேப்டாப்பைச் செருகிவிட முடியும். "உள்ளே இருப்பவர் நல்லவர்" என்ற நம்பிக்கையின் மேல் எவ்வளவு காலம் கட்டடம் கட்டுவது?

6 ஆகஸ்ட், இரவு 10.10

"எஸ்எம்பி முதல் பதிப்பை எடுத்தாகிவிட்டது, அப்போ நான் தப்பித்தேன்."

மன்னிக்கவும், எஸ்எம்பிலோரிஸ் விஷயத்தில் தப்பிக்கவில்லை. அந்த 4 பைட் தலைப்பு வரும்போது முதல் பதிப்பா, மூன்றாம் பதிப்பா என்ற பேச்சே இன்னும் ஆரம்பிக்கவில்லை. முதல் பதிப்பை அணைத்தாலும் தலைப்பைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதல் பதிப்பை எடுத்தது வேறு விதத்தில் ரொம்ப நல்லது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை 2017 மே 12 அன்று பரவியது அதன் வழியாகத்தான். அதை அடைக்கும் எம்எஸ்17-010 பேட்ச் மார்ச் 14-லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு மாதம் சும்மா போனது.

7 ஆகஸ்ட், காலை 6.50

நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தபோது, இந்த இழையில் ஒரு பாதியைத்தான் பேசியிருக்கிறோம் என்று தோன்றியது. இதுவரை பேசியது மெமரி தீர்ந்துபோவது. மெமரியில் இருப்பது வெளியே போய்விடுவது இன்னொரு வகை. இதுவும் கோப்புப் பகிர்வில் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டையும் லீக் என்றே எழுதுவதால் செய்தி படிக்கும்போது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2020 ஜூன் 9 அன்று மைக்ரோசாஃப்ட் அடைத்த சிவிஇ-2020-1206, ஸெக்ஆப்ஸ் குழு வைத்த பெயர் எஸ்எம்பிளீட். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பில் எஸ்எம்பி செய்திகளைச் சுருக்கி அனுப்பும் வசதி வந்தது. சுருக்கிய செய்தியின் தலைப்பில் "விரித்தால் இத்தனை பைட்" என்று ஓர் எண் இருக்கும். அனுப்புகிறவர் அதில் பெரிய எண்ணை எழுதிவிட்டுக் கொஞ்சமாக அனுப்புகிறார். சர்வர் அந்தப் பெரிய எண் அளவுக்கு இடம் ஒதுக்கி, வந்ததை விரிக்கிறது. விரிந்தது நூறு பைட்டாக இருந்தாலும், தலைப்பில் சொன்ன எண்ணையே கிடைத்த அளவாகக் குறித்துக்கொள்கிறது. ஒதுக்கிய இடத்தைத் துடைக்காததால் மீதியில் கெர்னலின் பழைய சரக்கு கிடக்கிறது, அதுவும் செய்தியின் பகுதி ஆகிவிடுகிறது. அந்தச் செய்தி "இந்தக் கோப்பில் எழுது" என்ற கட்டளையாக இருந்தால்? கெர்னல் மெமரி கோப்பில் எழுதப்படும். பிறகு அந்தக் கோப்பைத் திறந்து படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த எளிய வடிவத்துக்கு லாகினும், எழுத அனுமதியுள்ள ஒரு ஷேரும் வேண்டும். ஆனால் அதே ஃபங்ஷனில் மூணு மாதம் முன்பு எஸ்எம்பிகோஸ்ட் என்ற சிவிஇ-2020-0796 இருந்தது. மார்ச் 12-ஆம் தேதி வழக்கமான நாளுக்குக் காத்திருக்காமல் அவசரமாகப் பேட்ச் விட்டார்களே, அதுதான். இரண்டையும் சேர்த்தால் லாகின் இல்லாமலே சர்வரைக் கைப்பற்றலாம் என்று ஸெக்ஆப்ஸ் காட்டியது. மெமரியில் எது எங்கே இருக்கிறது என்பதை ஒன்று சொல்லும், அங்கே எழுதும் வேலையை மற்றது பார்க்கும். "வெறும் தகவல் கசிவு" என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கூட்டணியை மறந்துவிடுகிறார்கள்.

7 ஆகஸ்ட், காலை 7.15

மேலே எழுதியதை அனுப்பியதும் நினைவுக்கு வந்தது. சாம்பாவில் 2017 செப்டம்பரில் ஏறக்குறைய இதே ஆட்டம் நடந்திருக்கிறது. சிவிஇ-2017-12163. முதல் பதிப்பு எழுதும் கட்டளையில், அனுப்பியதைவிட அதிக நீளம் சொன்னால் சர்வரின் மெமரி கோப்புக்குள் போய்விடும். கோப்பு மட்டுமில்லை, பிரிண்டருக்கு அனுப்பினால் காகிதத்திலேயே வரும். சாம்பா 4.6.8, 4.5.14, 4.4.16-இல் சரிசெய்தார்கள். இரண்டு மாதம் கழித்து நவம்பரில் இன்னொன்று, சிவிஇ-2017-15275. துடைக்காத மெமரி பதிலோடு சேர்ந்து கிளையன்டுக்குப் போனது. 3.6.0-இலிருந்து எல்லாப் பதிப்பிலும் அது இருந்திருக்கிறது.

வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காலம், ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் எடுக்கவும் இல்லை. ஆனாலும் எதிராளி சொன்ன நீளத்தை அப்படியே நம்பியது எஸ்எம்பிளீடிலும் 12163-இலும் பொது. 4 பைட் தலைப்பிலும் அதுதானே நடந்தது. இந்த நெறிமுறை முழுக்க நீளங்களும் இடப்பெயர்ச்சிகளும்தான். ஒரு செய்திக்குள் நாலைந்து இடத்தில் "இங்கிருந்து இத்தனை" என்று வரும். ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும், ஒன்றை விட்டால் போச்சு.

8 ஆகஸ்ட், இரவு 9.00

கேஎஸ்எம்பிடியை எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இருப்பதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இல்லை. நாம்ஜே ஜியோனும் ஸ்டீவ் ஃப்ரெஞ்சும் செய்கிற வேலை சாதாரணமில்லை. குறை வந்தால் அடைக்கிறார்கள், பழைய நிலையான கெர்னல்களுக்கும் கொண்டுபோகிறார்கள். லினக்ஸ் 6.6-இல் "சோதனை நிலை" என்ற அடையாளத்தையும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் 2023-இல் வந்த சிவிஇ-2023-32247-ஐயும் சொல்லத்தான் வேண்டும். செஷன் செட்டப் கட்டளையை அடையாள எண் பூஜ்யமாக வைத்து அனுப்பினால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு செஷன் பிறக்கும். எத்தனை என்று வரம்பே இல்லை. இங்கே கே-ஃப்ரீ மறந்த கதைகூட இல்லை, ஒவ்வொரு ஒதுக்கீடும் முறையாகவே நடந்தது. காலாவதியான செஷன்களைக் கலைக்கும் வேலையைச் சேர்த்துத்தான் சரிசெய்தார்கள். நெகோஷியேட்டுக்கு அடுத்த படி இது, லாகின் இன்னும் முடிந்திருக்காது. ஆள் யார் என்று தெரிவதற்கு முன்னால் எவ்வளவு செலவு செய்யலாம் என்று ஒரு வரம்பு வடிவமைப்பிலேயே இருந்திருந்தால், இந்த இழையில் உள்ள பாதி எண்கள் பிறந்திருக்காது.

2025 மே மாதம் ஷான் ஹீலன் என்ற ஆய்வாளர், ஓப்பன்ஏஐயின் ஓ3 என்ற செயற்கை நுண்ணறிவு மாடலிடம் கேஎஸ்எம்பிடியின் நிரலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, சிவிஇ-2025-37899-ஐக் கண்டெடுத்தார். லாக்-ஆஃப் கட்டளையில், விடுவித்த மெமரியை அதே நேரத்தில் ஓடும் இன்னொரு த்ரெட் திரும்பத் தொடும் குறை. இனி இப்படித் தோண்டுகிறவர்கள் கூடுவார்கள், இரண்டு பக்கத்திலும். அப்டேட்டைத் தள்ளிப்போடும் பழக்கத்துக்கு இனிமேல் அவகாசம் குறைவு.

9 ஆகஸ்ட், காலை 10.30

எப்படிப் பார்ப்பது என்று நிறையப் பேர் கேட்டதால்.

ஏறியிருக்கும் கெர்னல் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் கட்டளையில் கேஎஸ்எம்பிடி வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பெட்டியில் கேஎஸ்எம்பிடி மாட்யூல் ஏறவில்லை, இந்த இழையின் முதல் பாதி உங்களுக்கு இல்லை. உபுண்டுவில் கெர்னல் பெயர் எப்போதும் 5.15.0 என்றுதான் காட்டும், பின்னால் ஒரு கோடும் எண்ணும் வரும். அதைப் பார்த்து 61-க்குக் கீழே இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது அவர்கள் சொந்தக் கணக்கு. ப்ராக் அடைவில் "வெர்ஷன் சிக்னேச்சர்" என்று ஒரு கோப்பு இருக்கும், திறந்தால் கடைசியில் மூலக் கெர்னலின் உண்மையான எண் தெரியும். அது 5.15.61 அல்லது மேலே என்றால் 47941 அடைபட்டுவிட்டது. ஆனால் 2023, 2025 குறைகளுக்கு அந்த எண் போதாது, இன்றைய தேதி வரைக்கும் அப்டேட் செய்யுங்கள். செய்த பிறகு ரீபூட் செய்யாவிட்டால் பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிறு ரீபூட்டை நிறுத்தச் சொல்லவில்லை, அதற்கு முன்னால் அப்டேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கசிவு நடக்கிறதா என்று பார்க்க கெர்னல் எடுத்த மெமரித் துண்டுகளைக் காட்டும் ஸ்லாப்டாப் கட்டளை போதும். சோதனைக்கென்று வைத்திருந்த மெய்நிகர் பெட்டியில் பழைய 5.15-ஐப் போட்டு, கோளாறான நெகோஷியேட்டை அனுப்பிப் பார்த்தேன். 96 பைட் துண்டுகளைக் காட்டும் "கேமாலாக்-96" என்ற வரி மட்டும் ஏறிக்கொண்டே போனது. மற்ற வரிகள் ஏறும், இறங்கும், அது ஏற மட்டும் செய்தது. அனுப்புவதை நிறுத்தினால் நின்றது, இறங்கவில்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் கீழே நான்-பேஜ்டு பூல் என்று ஓர் எண் இருக்கும். சாதாரண நாளில் அது எவ்வளவு என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிரச்சினை வந்த அன்று ஒப்பிட அதைவிட உதவும் வேறொன்று இல்லை.

9 ஆகஸ்ட், இரவு 8.20

சோதித்த ஸ்கிரிப்டைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். தர மாட்டேன். உங்கள் மேல் சந்தேகம் இல்லை, இந்தப் பக்கத்தை யார் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பழைய கெர்னலோடு விற்றுப்போன ரவுட்டர்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகின்றன, அவற்றுக்கு அப்டேட் வரப்போவதும் இல்லை.

10 ஆகஸ்ட், மாலை 4.40

அப்டேட் வராத பெட்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் "நான் என்னதான் செய்ய?" என்று கேட்கிறார். சாம்பா ஓடுகிறது என்றால் அமைப்புக் கோப்பில் "மேக்ஸ் எஸ்எம்பிடி ப்ராசஸஸ்" என்பதற்கு ஒரு வரம்பு கொடுங்கள். இயல்பில் அதற்கு வரம்பே கிடையாது, எஸ்எம்பிலோரிஸ் மாதிரி இணைப்பைக் குவிக்கும் தாக்குதலுக்கு சாம்பாவும் அதனால்தான் ஆளாகிறது. 1,000 என்பது அந்த ஆய்வாளர்கள் சொன்ன எண். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு 50 தாராளம்.

அதோடு ஃபயர்வாலில் ஒரு முகவரியிலிருந்து 445-க்கு ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்று கட்டுப்படுத்துங்கள். ஐபிடேபிள்ஸில் அதற்கு கான்லிமிட் உண்டு. ஒரு சாதாரண விண்டோஸ் கணினி ஒரு சர்வரோடு ஒன்றிரண்டு இணைப்புதான் வைக்கும், பல இணைப்பை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் மல்டிசேனல் வசதி இருந்தால் இன்னும் சில. 20 என்று வைத்தால் யார் வேலையும் கெடாது. 47941-க்கு இது மருந்து ஆகாது, அங்கே ஒரே இணைப்பிலேயே திரும்பத் திரும்ப அனுப்பலாம். அந்தப் பெட்டியில் ஓடுவது பழைய கேஎஸ்எம்பிடி என்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டுங்கள், ரவுட்டர் ரவுட்டராக மட்டும் இருக்கட்டும்.